இது என்ன மீன், ஆணா பெண்ணா? உப்புநீர்த் தொட்டி மீனை இனம் காண ஓர் அறிமுகம்

கடல் மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “இது ஜோடியா?” என்பதுதான். கடைக்காரரும் தயங்காமல் “ஜோடிதான்” என்பார். எந்த இனம் என்று தெரியாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே முடியாது. ஓர் இனத்தில் ஆணின் முதுகுத் துடுப்பில் ஒரு முள் நீண்டிருக்கும். இன்னொன்றில் ஆணும் பெண்ணும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். வேறொன்றில் இன்று பெண்ணாக இருக்கும் மீன் அடுத்த மாதம் ஆணாகியிருக்கும். ஆகவே இனத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு பாலுக்கு வர வேண்டும்.

இனம் காண்பதில் நிறம் மிக மோசமான சாட்சி. பால் அறிவதில் மட்டும், அதுவும் சில குடும்பங்களில், நிறம் நல்ல சாட்சி. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: நிறத்தை வைத்து இனத்தைச் சொல்லிவிட்டு, வயிற்றுப் பருமனை வைத்து “இது பெண்” என்பார்கள். நன்றாகத் தின்ற எந்த மீனுக்கும் வயிறு பருத்திருக்கும்.

நிறம் எப்படியெல்லாம் மாறும்

மஞ்சள் டாங் மீனை இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் மங்கி, பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் பயந்தாலும் தூங்கினாலும் அழுக்குத் திட்டுத் திட்டாக மாறிவிடும். கடைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகாத மீன் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். விளக்கு போட்டு ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, இரை எடுக்கும்போது தெரியும் நிறத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

வயது செய்யும் மாற்றம் இன்னும் பெரிது. எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சு கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடு இருக்கும். வளர்ந்த மீனுக்கு மஞ்சளும் நீலமுமாகக் கிடைக்கோடுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். குஞ்சுப் பருவத்தில் இதற்கு நெருங்கிய சாயல் உள்ளவை கோரான் ஏஞ்சலும் நீல வளைய ஏஞ்சலும். மூன்றையும் பிரிக்க வெள்ளைக் கோடுகளின் வடிவத்தைப் பாருங்கள். எம்பரர் குஞ்சில் வாலருகே கோடு முழு வட்டமாக மூடியிருக்கும். கோரானில் அது வளைந்த வில்லாக நிற்கும், வட்டமாக மூடாது. நீல வளைய ஏஞ்சலில் கோடுகள் கிட்டத்தட்ட நேராக மேலிருந்து கீழே இறங்கும். நிறம் மூன்றுக்கும் ஒன்றே. கோட்டின் வளைவுதான் வேறு.

பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள் தனிக் கதை. பட்டை பாதியில் நின்றுபோனவை, திட்டுத் திட்டாக வெள்ளை படர்ந்தவை, முழுக்க வெள்ளையானவை எனப் பல வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். ஸ்னோஃப்ளேக், பிக்காசோ, பிளாட்டினம் என்பதெல்லாம் இனப் பெயர் அல்ல, வளர்ப்பு வடிவத்தின் பெயர். இரண்டு இனங்களைக் கலந்து பிறந்தவையும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் பட்டையை வைத்து இனம் சொல்லப் போனால் தவறுவது நிச்சயம்.

எண்ணக்கூடிய ஒரு படம்

சில இனங்களைப் பிரிக்க முதுகுத் துடுப்பின் முட்களை எண்ண வேண்டியிருக்கும். தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் மீனைக் கண்ணால் பார்த்து முள் எண்ண முடியாது. படம் வேண்டும். கைப்பேசியே போதும், ஆனால் சில விஷயங்களைச் செய்துவிட்டு எடுக்க வேண்டும்.

1. கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். பாசிப்படலம் இருந்தால் கேமரா அதன் மேலேயே போகஸ் செய்துவிடும்.
2. நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கை முழு வெளிச்சத்தில் வையுங்கள். நீல வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் கறுத்துத் தெரியும். கருப்பு விளிம்பு உண்மையில் இருக்கிறதா என்பதே குழம்பிவிடும்.
3. நீரோட்ட பம்பைச் சில நிமிடங்கள் நிறுத்துங்கள்.
4. கைப்பேசியைக் கண்ணாடிக்கு நேர் இணையாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஒளி விலகி ஓரங்கள் மங்கும், மீனின் உயரமும் மாறித் தெரியும். ஃபிளாஷ் வேண்டாம்.
5. தனிப் படத்தைவிட, நொடிக்கு 60 பிரேம் வீடியோவாக எடுத்து, துடுப்பு முழுதாக விரிந்திருக்கும் பிரேமைப் பிரித்தெடுப்பது எளிது.

துடுப்பை விரிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மீனுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டுங்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து முதுகுத் துடுப்பை நிமிர்த்தும். ஒரு நிமிடம் போதும். மணிக்கணக்கில் வைத்துவிட்டுப் போனால் மீன் இரை எடுக்காமல் அங்கேயே முட்டிக்கொண்டு கிடக்கும்.

இன்னும் தெளிவு வேண்டுமென்றால் இரண்டு லிட்டர் கொள்ளும் தெளிவான ஆக்ரிலிக் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி, மீனை அதற்குள் ஓட்டி, பெட்டியின் பின்புறம் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை ஒட்டிவிடலாம். நீளமும் அதிலேயே கிடைத்துவிடும். வலையைத் தவிருங்கள். மரூன் கோமாளிக்குக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் முள் உண்டு. ஏஞ்சல் மீன்களுக்குச் செவுள் மூடியின் கீழ் மூலையில் முள் உண்டு. இரண்டும் வலைக் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் முள் ஒடியும், செவுளருகே கிழியும். லயன் மீனின் முதுகு முட்களில் நஞ்சு இருக்கிறது. அதை எண்ண வேண்டுமென்றால் படத்தில் மட்டும் எண்ணுங்கள்.

முதலில் குடும்பம்

இனத்துக்கு நேரே தாவ வேண்டாம். எந்தக் குடும்பம் என்று பிடித்துவிட்டால் தேட வேண்டிய பெயர்கள் ஆயிரத்திலிருந்து சில பத்துகளாகக் குறைந்துவிடும். குடும்பத்தைக் காட்டுபவை உடல் அமைப்புகள். அவை வயதாலும் பயத்தாலும் மாறுவதில்லை.

தட்டையான வட்ட உடல், சின்ன வாய்: வண்ணத்துப்பூச்சி மீனா, ஏஞ்சலா? செவுள் மூடியின் கீழ்ப்புறம் பின்னோக்கி நீட்டிய முள் இருந்தால் ஏஞ்சல், இல்லையென்றால் வண்ணத்துப்பூச்சி மீன். வாலின் அடிப்பகுதியில் இருபுறமும் கத்தி முனை போன்ற முள் இருந்தால் டாங் குடும்பம். முதுகில் முதல் முள் தடித்து, அதை நிமிர்த்தி வைத்து இரண்டாம் முள்ளால் பூட்டிக்கொள்ளும் மீன் கிளாத்தி. மார்புத் துடுப்பைத் துடுப்புப் போடுவதுபோல் அடித்து நீந்தினால் பெரும்பாலும் ரேஸ் (wrasse) அல்லது கிளி மீன்.

வாய் எங்கே இருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒரே பார்வையில் பெரிய நஷ்டத்தைத் தவிர்க்கும் இடம் அது. துப்புரவு ரேஸ் மீன் மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். நீலமும் கருப்புக் கோடுமாக அதே வேடத்தில் இன்னொரு மீன் உண்டு, போலித் துப்புரவு பிளென்னி. இது அருகில் வந்து துடுப்பையும் தோலையும் கடித்துக்கொண்டு ஓடிவிடும். உண்மையான துப்புரவு மீனின் வாய் மூக்கு நுனியிலேயே இருக்கும். போலிக்கு மூக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்க, வாய் அதற்கு அடியில் உள்வாங்கி இருக்கும். போலியின் முதுகுத் துடுப்பும் தலையை ஒட்டியே தொடங்கிவிடும். இரண்டுமே இந்தியப் பெருங்கடலில் இருப்பவை, எனவே கலந்து வர வாய்ப்பு உண்டு.

ராயல் கிராமாவும் ராயல் டாட்டிபேக்கும் இதே போன்ற சிக்கல்தான். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் என்பது இரண்டுக்கும் பொது. கிராமாவில் ஊதா மெல்ல மெல்ல மஞ்சளாகக் கரையும், முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். டாட்டிபேக்கில் இரு நிறமும் கோடு கிழித்ததுபோல் பிரியும், புள்ளி கிடையாது. கிராமா கரீபியன் கடலின் சாது மீன். டாட்டிபேக் மேற்குப் பசிபிக்கிலிருந்து வருவது. சிறு தொட்டியில் தன்னைவிடச் சாதுவான மீன்களை மூலையில் ஒதுக்கி வதைக்கும்.

ஒசெல்லாரிஸா, பெர்குலாவா

தொட்டியில் மிக அதிகம் வளர்க்கப்படும் கடல் மீன் கோமாளி மீன்தான். அதிகம் குழப்புவதும் அதுவே. ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டை கொண்ட மீன் இரண்டு இனங்களில் ஒன்றாக இருக்கலாம்: ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ் அல்லது ஆம்ஃபிப்ரியான் பெர்குலா. விலையில் வேறுபாடு இருப்பதால் கடைப் பலகையில் “பெர்குலா” என்று எழுதும் ஆசை சிலருக்கு வந்துவிடுகிறது.

நம்பத்தக்க அடையாளம் முதுகுத் துடுப்பின் முன்பகுதி முட்கள். ஒசெல்லாரிஸுக்குப் பெரும்பாலும் 11, அபூர்வமாக 10. பெர்குலாவுக்குப் பெரும்பாலும் 10, அபூர்வமாக 9. துடுப்பின் முன்பகுதி உயரமாக எழுந்து, நடுவில் சற்றுத் தாழ்ந்து, மீண்டும் பின்பகுதி எழும். அந்தத் தாழ்வு வரை இருப்பவை முட்கள்: நேராக, கூர்மையாக, கிளை பிரியாமல் இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பவை மென்கதிர்கள்: நுனியில் இரண்டாகப் பிரிந்து, குறுக்கே கணுக்கணுவாகத் தெரியும்.

எண்ணும்போது எல்லாரும் தவறும் ஓர் இடம் உண்டு. தலையை ஒட்டிய முதல் முள் மிகக் குட்டையாக, முதுகோடு படிந்து கிடக்கும். அதை விட்டுவிட்டால் 11 என்பது 10 ஆகிவிடும், ஒசெல்லாரிஸ் பெர்குலாவாகிவிடும். இங்கே ஒரே ஒரு எண் வித்தியாசத்தில்தான் முடிவு தொங்குகிறது. வெவ்வேறு பிரேம்கள் மூன்றில் தனித்தனியாக எண்ணி, குறைந்தது இரண்டில் ஒரே எண் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முள்ளோடு சேர்த்துப் பார்க்க வேறு சில துணை அடையாளங்கள் உண்டு. பெர்குலாவின் கண்மணியைச் சுற்றி பளிச்சென்ற ஆரஞ்சு வளையம் இருக்கும். ஒசெல்லாரிஸுக்கு அது சாம்பல் கலந்த ஆரஞ்சு. ஒசெல்லாரிஸின் முன் முதுகுத் துடுப்பு சற்று உயரம். வளர்ந்த பெர்குலாவின் வெள்ளைப் பட்டைகளைச் சுற்றிக் கருப்பு தடிமனாக ஓடும். ஒசெல்லாரிஸில் அது மெல்லிய கோடு, சிலவற்றில் இல்லவே இல்லை. இந்தக் கருப்பைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் இளம் பெர்குலாவில் அது இன்னும் தடித்திருக்காது. ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் உடல் முழுக்கக் கருப்பான ஒசெல்லாரிஸே இருக்கிறது. நடுப்பட்டை முன்னோக்கிப் புடைத்திருப்பதைச் சிலர் அடையாளமாகச் சொல்வார்கள். அது இரண்டுக்கும் பொது, உதவாது.

கடலிலிருந்து பிடித்த மீன் என்று உறுதியாகத் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். ஒசெல்லாரிஸ் அந்தமான் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் வரையும், தெற்கே வடமேற்கு ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது. பெர்குலா இருப்பது வட குயின்ஸ்லாந்து, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டுப் பக்கம். “அந்தமானில் பிடித்த பெர்குலா” என்று யாராவது விற்றால், முள்ளை எண்ணாமலேயே அது ஒசெல்லாரிஸ் என்று சொல்லிவிடலாம்.

நம் கடலின் கோமாளிகள்

மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையிலும் கிடைப்பவை பெரும்பாலும் கருப்பு-மஞ்சள் கோமாளிகள். இவற்றில் செபே, கிளார்க்கி இரண்டையும் கடைகள் ஒரே பெயரில் விற்கின்றன. முள் எண்ணுவது இங்கே கைகொடுக்காது. இரண்டுக்குமே பத்தோ பதினொன்றோ இருக்கும்.

பட்டையைப் பாருங்கள். கிளார்க்கிக்கு மூன்று வெள்ளைப் பட்டை: தலைக்குப் பின், உடல் நடுவில், வாலின் அடியில். நடுப்பட்டை கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். செபேவுக்கு இரண்டே பட்டை. நடுப்பட்டை மேலே போகப் போகப் பின்னோக்கிச் சாய்ந்து முதுகுத் துடுப்பின் பின்பகுதி மேலும் ஏறியிருக்கும். வாலடியில் மூன்றாவது பட்டை கிடையாது, வால் மஞ்சள். செபேவோடு குழம்பும் மூன்றாவது ஆள் பாலிம்னஸ். அதன் நடுப்பட்டை முதுகில் போட்ட சேணம்போல் பாதியில் நிற்கும். வால் கருத்து, ஓரத்தில் மட்டும் வெள்ளை இருக்கும். பாலிம்னஸ் மேற்குப் பசிபிக்கிலிருந்து வருவது.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ச் சண்டை இல்லை. கோமாளி மீன்கள் ஒண்டி வாழும், பூப்போல் தெரியும் கடல் உயிரி கடல் சாமந்தி (sea anemone). கிளார்க்கி எந்தக் கடல் சாமந்தி கிடைத்தாலும் ஒண்டிக்கொள்ளும். செபே இயற்கையில் ஹடோனி கம்பளச் சாமந்தியோடு வாழ்வது. அதற்குத் துணையாக வேறு சாமந்தியை வாங்கிவிட்டு “ஏன் உள்ளே போகவில்லை” என்று கேட்பவர்கள் நிறைய. போதாக்குறைக்கு, “செபே சாமந்தி” என்ற பெயரில் கடையில் விற்கப்படுவது ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா என்ற வேறொன்று.

மாலத்தீவிலும் இலங்கையிலும் வாழும் நைக்ரிப்பஸ் கோமாளிக்குத் தலைக்குப் பின் ஒரே வெள்ளைப் பட்டை, வயிறும் வயிற்றுத் துடுப்பும் கருப்பு. பார்த்தவுடன் பிடிபடும். ஒற்றைப் பட்டைத் தக்காளிக் கோமாளி எளிதாகத் தோன்றும், ஆனால் அதன் குஞ்சுக்கு இரண்டு மூன்று பட்டை இருக்கும்; வளர வளரப் பின்பட்டைகள் மறைந்துவிடும்.

இனி, ஆணா பெண்ணா

இனம் தெரிந்த பிறகு அடுத்து கேட்க வேண்டியது: இந்த இனத்தில் பால் வெளியே தெரியுமா, வாழ்நாளில் மாறுமா, மாறினால் எந்தத் திசையில்?

வெளியே தெரிகிறவற்றில் மாண்டரின் மீன்தான் மிகச் சுலபம். ஆணின் முதல் முதுகுத் துடுப்பில் முதல் முள் கொடிக்கம்பம்போல் நீண்டு நிற்கும், பெண்ணுக்கு அது குட்டை. சிறிய மீனிலேயே இது தெரிந்துவிடும். ஆனால் துடுப்பு மடங்கியிருந்தால் நீண்ட முள் உடலோடு படிந்துவிடும், விரியும்வரை காத்திருங்கள். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் போட்டால் ஒன்று சாகும். புள்ளிப் பெட்டி மீனில் பெண் முழுக்கக் கருத்து வெள்ளைப் புள்ளிகளோடும், ஆண் நீலப் பக்கங்களில் ஆரஞ்சுப் புள்ளிகளோடும் இருக்கும். நீலத்தாடைக் கிளாத்தியில் ஆணுக்குத் தாடையில் நீலத் திட்டு; பெண்ணுக்கு அது இல்லை.

கடல் குதிரையில் ஆணுக்கு வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் குஞ்சு சுமக்கும் பை இருக்கும். வயிறு வாலோடு வழுவழுப்பாகச் சேரும். பெண்ணுக்கு அந்த இடத்தில் கோணம் வெட்டியதுபோல் வயிறு முடிந்து வால் தொடங்கும். பை வளராத இளம் ஆண்கள் எல்லாம் பெண்போலவே தெரியும் என்பதால் குட்டிகளில் இந்தச் சோதனை பலிக்காது. இந்தியாவில் கடல் குதிரைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. மன்னார் வளைகுடாவில் பிடித்ததை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், ஆணோ பெண்ணோ.

பெண்ணிலிருந்து ஆணாக

ஆந்தியாஸ், ரேஸ், ஏஞ்சல் குடும்பங்களில் மீன்கள் முதலில் பெண்ணாக வளர்ந்து, கூட்டத்தில் இடம் காலியானால் ஆணாக மாறுகின்றன. லயர்டெயில் ஆந்தியாஸ் இதற்குப் பாடம் போன்ற மீன். பெண் ஆரஞ்சு நிறம். ஆண் ஊதா கலந்த சிவப்பு, மார்புத் துடுப்பில் சிவப்புத் திட்டு, முதுகுத் துடுப்பின் மூன்றாவது முள் நூல்போல் நீண்டிருக்கும். கூட்டத்திலிருந்து ஆணை எடுத்துவிட்டால் பெண்களில் ஒன்று ஆணாகிறது என்பதை இஸ்ரேலிய விலங்கியலாளர் லெவ் ஃபிஷெல்சன் 1970இல் சோதித்துக் காட்டினார்.

நீண்ட பயணத்தில் வந்த ஆண் ஆந்தியாஸின் ஊதா வெளுத்து ஆரஞ்சுபோல் தெரியும். அப்போது மூன்றாம் முள்ளைப் பாருங்கள், அது வெளுக்காது. மாறிக்கொண்டிருக்கும் மீனில் பாதி நிறமும் பாதி முள்ளுமாகத் தெரிந்தால், அதை ஆண் என்றே கணக்கு வையுங்கள். ஓர் ஆணும் மூன்று நான்கு பெண்களும் வாங்கலாம். பெண்களாகவே வாங்கினாலும் பெரியது சில வாரங்களில் ஆணாகிவிடும். இரண்டு ஆண்களை வாங்குவதுதான் காசை நீரில் போடுவது.

துப்புரவு ரேஸிலும் இதே திசைதான், ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடு கிடையாது. ஓர் ஆண், அதன் கீழ் சில பெண்கள் என்று வாழும். ஆண் செத்தால் மூத்த பெண் சில மணி நேரத்தில் ஆண்போல் நடக்கத் தொடங்குவதை ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் ஆராய்ந்த ராபர்ட்சன் 1972இல் எழுதினார். விந்து உண்டாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே தனியாக ஒரு துப்புரவு ரேஸைக் காட்டி “ஆணா பெண்ணா” என்று கேட்டால் விடை கிடையாது. கூட்டத்தில் மற்றவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து அதிகாரம் பண்ணும் பெரிய மீன் ஆண், அவ்வளவுதான்.

ரேஸ்களில் பலவற்றுக்குப் பெண் பருவத்துக்கு ஒரு நிறம், முதிர்ந்த ஆணுக்கு வேறு நிறம். பழைய புத்தகங்களில் சில இனங்களுக்கு இரண்டு பெயர்கள் இருந்ததற்குக் காரணமே இதுதான். ஃபிளேம் ஏஞ்சலில் வேறுபாடு நுணுக்கமானது: ஆணின் முதுகு, குதத் துடுப்புகளின் பின்முனையில் நீலம் அதிகம். ஒற்றை மீனில் இதை வைத்து முடிவு சொல்வது கடினம். நான்கைந்தைப் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

ஆணிலிருந்து பெண்ணாக

கோமாளி மீன் எதிர்த்திசையில் போகிறது. குஞ்சுகள் எல்லாம் இன்னும் பால் முடிவாகாதவை. ஒரு சாமந்தியில் இருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை எல்லாம் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருப்பவை. பெண் போனால் ஆண் பெண்ணாகிறது, காத்திருப்பவற்றில் பெரியது ஆணாகிறது. அதிகாரம் உடனே கைமாறிவிடும். உடலுக்குள் மாற்றம் முடிய வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை ஆகும். பெண்ணான பிறகு திரும்பி ஆணாக முடியாது. மற்ற விதிகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

கடைத் தொட்டியில் 3 செ.மீ. அளவில் இருக்கும் பண்ணைக் குஞ்சுகளில் ஆண், பெண் என்று பொறுக்கி எடுக்க முடியாது. பொறுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒன்று பெரியதாக, மற்றது தெளிவாகச் சிறியதாக, அதாவது பெரியதன் நீளத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு இருக்கும்படி எடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டியில் விடுங்கள். யார் பெரியவர் என்பது முன்பே முடிவாகியிருப்பதால் சண்டை குறையும், பெரியது பெண்ணாகும். ஒரே அளவில் இரண்டு எடுத்தால் அந்த முடிவை அவை அடித்துத்தான் எடுக்கும்.

வீட்டில் நெடுநாள் தனியாக வளர்ந்த கோமாளி பெரும்பாலும் பெண், அல்லது அந்த வழியில் போய்க்கொண்டிருப்பது. அதற்கு இன்னொரு பெரிய, முதிர்ந்த கோமாளியைத் துணையாக வாங்கினால் இரண்டு பெண்களை ஒரே அறையில் பூட்டியதாகிவிடும். இதில் சமாதானம் வராது, ஒன்று சாகும்வரை நடக்கும். குஞ்சு ஒன்றைத் துணையாக வாங்குங்கள். மரூன் கோமாளியில் இது இன்னும் கடுமை. பெண் 15 செ.மீ.யைத் தாண்டும், ஆண் அதில் பாதிகூட இருக்காது. முதல் சில நாள்கள் துளையிட்ட பெட்டியில் சிறியதை வைத்துப் பெரியதற்குப் பழக்குவது நல்லது.

ஜோடி சேர்ந்ததா என்பதை நடத்தையில் படிக்கலாம். சிறிய மீன் பெரியதன் அருகில் வந்து உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, தலை முதல் வால் வரை வலிப்பு வந்ததுபோல் நடுங்கும். புதியவர்கள் இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடுகிறார்கள். அது பணிவைக் காட்டும் செயல். நடுங்குவது ஆண், அல்லது ஆணாகப் போவது. பெரியது சில நேரம் துரத்துவதும் லேசாகக் கொத்துவதும் இயல்பு. வாயோடு வாய் பூட்டிக்கொண்டு சுழன்றாலோ, துடுப்பு கிழிந்தாலோ, சிறியது நீர் மேற்பரப்பின் மூலையிலேயே கிடந்தாலோ பிரித்துவிடுங்கள். இரண்டில் எதுவுமே நடுங்கவில்லை, இரண்டுமே கொத்துகின்றன என்றால் இரண்டும் பெண்ணாக இருக்கலாம்.

முட்டையிடும் நாள் நெருங்கும்போது வயிற்றுக்கடியில், ஆசனவாய்க்கருகில், சிறு குழாய் ஒன்று வெளியே தெரியும். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கியிருக்கும், ஆணுக்கு மெல்லியதாகக் கூர்மையாக இருக்கும். முட்டையிடுவதற்குச் சில நாள் முன்பிருந்துதான் இது தெரியும். மற்ற நாள்களில் தேடிப் பயனில்லை. முட்டை வைத்த பிறகு அருகிலேயே நின்று மார்புத் துடுப்பால் விசிறி, வாயால் துடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆண்தான். பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், நீர் வெப்பத்தைப் பொறுத்தது. டாம்சல், கோபி, பிளென்னி போன்று முட்டையைப் பாறையில் ஒட்டும் மற்ற மீன்களிலும் இதே குழாயைப் பார்க்கலாம்.

கிளார்க்கியில் வால் நிறம் பால் சொல்லும் என்று படித்திருப்பீர்கள்: பெண்ணுக்கு வெள்ளை, ஆணுக்கு மஞ்சள். ஜப்பான் பக்கத்து மீன்களில் அது உண்மை. கிளார்க்கி இடத்துக்கு இடம் நிறம் மாறும் மீன் என்பதால் வேறு கடலில் பிடித்ததற்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. நீல டாம்சலிலும் இதே நிலை. சில பகுதி ஆண்களுக்கு ஆரஞ்சு வால் உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. முதுகுத் துடுப்பின் பின் அடியில் சிறு கரும்புள்ளி இருந்தால் பெண் அல்லது இளம் மீன். ஆரஞ்சு வால் விதியை வைத்து மஞ்சள் வால் டாம்சலை ஆண் என்று சொல்லிவிடாதீர்கள். அது வேறு இனம், அதில் இருபாலுக்கும் வால் மஞ்சள்.

பார்த்துச் சொல்ல முடியாதவை

பாங்காய் கார்டினலில் ஆணுக்கு இரண்டாம் முதுகுத் துடுப்பு நீளம் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. துடுப்பு நுனி கிழிந்து வளரும்போது நீளம் மாறும் என்பதால் அதை நம்பி வாங்க முடியாது. இந்த மீனில் முட்டையை வாயில் சுமப்பது ஆண். வாய் உப்பி, இரை போட்டாலும் எடுக்காமல் நிற்கும் மீனைக் கண்டால் அது ஆண் என்பது உறுதி, மற்றபடி ஊகம்தான். ஐந்தாறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, இரண்டு மட்டும் பிரிந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கியதும் மீதியை வேறு தொட்டிக்கு மாற்றுவதே இதற்கு நடைமுறை வழி. மாற்றத் தாமதித்தால் மீதி இருப்பவை ஒவ்வொன்றாகக் குறையும்.

வண்ணத்துப்பூச்சி மீன்களிலும் டாங்குகள் பெரும்பாலானவற்றிலும் வீட்டுத் தொட்டியில் பார்த்துப் பால் சொல்ல வழியில்லை. ஒரே இன டாங் இரண்டை “ஜோடி” என்று யாராவது விற்றால் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வேறொருவரிடம் காட்டி இனம் கேட்பதாக இருந்தால் நான்கு செய்திகளைச் சேர்த்து அனுப்புங்கள்: துடுப்பு விரிந்த பக்கவாட்டுப் படம், மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை நீளம், கடலில் பிடித்ததா பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்தது என்றால் எந்தக் கடல். கடைசிச் செய்தியைப் பலர் கேட்பதே இல்லை. வாங்கும் நேரத்திலேயே கடைக்காரரிடம் கேட்டால் மீன் எந்த ஊரிலிருந்து வந்த பெட்டியில் இருந்தது என்றாவது சொல்வார். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.